மென்தோல் குதிரைகளுக்கு ஈ விரட்டி பூசுதல்

குதிரைகளுக்கு ஈ விரட்டி பூசுதல் என்பது, குதிரையின் உடலில் ஈ, கொசு, உண்ணி ஈ முதலியவை வந்து அமராமலும் கடிக்காமலும் இருக்க மருந்தைத் தெளித்தோ துணியால் துடைத்தோ இடும் முறையாகும். பெரும்பாலான குதிரைகளுக்கு இதனால் தொல்லை நேர்வதில்லை. ஆனால் சில குதிரைகளின் தோல் எளிதில் தடித்துப் புண்ணாகும் இயல்புடையது. அத்தகைய குதிரைகளுக்கு ஈக்கடியும் ஆகாது, ஈயை விரட்டும் மருந்தும் ஆகாது. இரண்டுக்கும் நடுவே எப்படி நடந்துகொள்வது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

தமிழ்நாட்டில் இன்று குதிரைகள் திருமண ஊர்வலம், கோயில் விழா, குதிரை வண்டிப் பந்தயம், சவாரிப் பயிற்சி ஆகியவற்றுக்காக வளர்க்கப்படுகின்றன. ஈரோடு மாவட்டம் அந்தியூரில் குருநாதசுவாமி கோயில் ஆடித் திருவிழாவையொட்டிக் கூடும் சந்தைக்கு மார்வாரி, கத்தியவாரி முதலிய இனக் குதிரைகள் கொண்டுவரப்படுகின்றன. ஊர்வலங்களுக்குப் பெரிதும் விரும்பப்படும் வெள்ளைக் குதிரைகளுக்கு (நுக்ரா எனப்படுபவை) தோல் இளஞ்சிவப்பாக இருக்கும். அதில் நிறமி குறைவு என்பதால் வெயிலே அதைச் சுட்டுவிடும். வெயிலில் கன்றிய தோலின்மேல் காரமான மருந்து பட்டால் எரிச்சல் இரட்டிப்பாகும்.

குதிரை வளர்ப்பில் அறியாமையால் நேரும் இழப்பு தமிழகத்துக்குப் புதிதன்று. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, அரபுப் பகுதிகளிலிருந்து பெருந்தொகை கொடுத்து இறக்குமதி செய்யப்பட்ட குதிரைகள் சரியான பராமரிப்பு இல்லாமல் மடிந்ததைக் குறிப்பிட்டிருக்கிறார். திருவரங்கம் கோயிலின் சேஷராயர் மண்டபத் தூண்களில் முன்னங்கால்களைத் தூக்கிப் பாயும் கற்குதிரைகளைக் காண்போர், உயிருள்ள குதிரை இந்த ஈரமும் வெப்பமும் கலந்த ஆற்றங்கரைச் சூழலில் என்ன பாடுபட்டிருக்கும் என்று எண்ணுவது அரிது.

குதிரையின் தோலும் ஈயும்

குதிரையின் தோல் தொடு உணர்வு மிக்கது. ஓர் ஈ அமர்ந்தாலே அது உணர்ந்துகொள்கிறது. தோலுக்கு அடியில் பரந்திருக்கும் மெல்லிய தசை சுருங்கி, அந்த இடத்தின் தோலை மட்டும் வெடுக்கென்று ஆட்டிவிடும். வாலும் பிடரி மயிரும் இயற்கை தந்த விசிறிகள். அழகுக்காகவோ கட்டுவது எளிது என்பதற்காகவோ வாலைக் குட்டையாக வெட்டுவோர் அந்த விசிறியையே பறித்துவிடுகிறார்கள். ஈத்தொல்லை உள்ள ஊரில் இது செய்யத்தகாத செயல்.

எந்தப் பூச்சி கடிக்கிறது என்று தெரிந்துகொள்வது முதல் வேலை. வீட்டு ஈ கடிப்பதில்லை. கண்ணீர், வியர்வை, புண்ணின் கசிவு ஆகியவற்றை உறிஞ்ச மொய்க்கும். பார்வைக்கு வீட்டு ஈ போலவே இருக்கும் தொழுவ ஈ ஊசி போன்ற வாயால் பெரும்பாலும் கால்களில் குத்தி இரத்தம் குடிக்கும். குதிரை ஓயாமல் காலை உதைத்துக்கொண்டே இருந்தால் இதன்மேல் ஐயப்படலாம். பெரிய குதிரை ஈக்கள் நீர்க்கரைச் சேற்றில் பெருகுபவை. இவை தோலை அறுத்து இரத்தம் குடிப்பதால் வலி மிகுதி. இவை ஒரு விலங்கிலிருந்து மற்றொன்றுக்குப் பரப்பும் 'சர்ரா' நோய், சிகிச்சை இல்லாவிட்டால் குதிரையைக் கொல்லக்கூடியது. அந்நோய்க்குக் காரணமான ஒட்டுண்ணியை 1880-இல் கிரிஃபித் எவான்ஸ் என்ற ஆங்கிலப் படைக் கால்நடை மருத்துவர், அன்றைய இந்தியாவின் தேரா இஸ்மாயில் கான் பகுதியில் (இன்று பாகிஸ்தான்) கண்டறிந்தார். ஆகவே ஈ விரட்டுவது குதிரையின் சொகுசுக்காக மட்டும் அன்று.

தோல் ஒவ்வாமையில் முதலிடம் பெறுவது இவற்றுள் எதுவுமில்லை. கியூலிகாய்டஸ் என்னும் மிகச் சிறிய கடிபூச்சியே. 1 முதல் 3 மில்லிமீட்டர் அளவே உள்ள இது, கடிக்கும்போது தன் உமிழ்நீரைத் தோலில் செலுத்துகிறது. அந்த உமிழ்நீரிலுள்ள புரதங்களுக்குச் சில குதிரைகளின் உடல் மிகையாக எதிர்வினை காட்டுகிறது. பிடரியும் வாலின் அடியும் தாங்க முடியாத அரிப்பெடுக்கும். குதிரை சுவரிலும் மரத்திலும் கம்பத்திலும் தேய்த்துத் தேய்த்து மயிர் உதிர்ந்து, தோல் தடித்து, புண்ணாகிவிடும். ஒவ்வோர் ஆண்டும் அதே பருவத்தில் இது திரும்ப வருவது முக்கியமான அடையாளம். காவிரிப் பகுதியில் வாய்க்கால், வயல், மழைநீர் தேங்கும் காலிமனை என ஈரமண்ணுக்குப் பஞ்சமில்லை. வடகிழக்குப் பருவமழைக் காலத்திலும் அதையடுத்தும் இப்பூச்சிகள் பெருக இடமுண்டு.

அரிப்பு எல்லாமே ஈயால் வருவதன்று. படர்தாமரை, சொறிப்பூச்சி, பேன், மழையில் நனைந்த தோலில் வரும் பொருக்கு நோய் ஆகியவையும் மயிர் உதிர்வை உண்டாக்கும். குடலிலுள்ள ஊசிப்புழு ஆசனவாயில் முட்டையிடுவதாலும் குதிரை வாலைத் தேய்க்கும். இவற்றுக்கு ஈ விரட்டி பூசிக்கொண்டிருப்பது காலத்தையும் தோலையும் வீணாக்குவதாகும்.

மாட்டு மருந்து குதிரைக்கு ஆகாது

இப்பொருளில் வேறெதைப் படிக்காவிட்டாலும் இப்பகுதியைப் படிக்கவேண்டும். தமிழ்நாட்டில் குதிரை வளர்ப்போர் பலரது வீட்டில் மாடும் இருக்கும். மாட்டின் உண்ணிக்காக வாங்கிய மருந்துப் புட்டியும் இருக்கும். அதில் அமிட்ராஸ் என்ற மருந்து இருந்தால் அதைக் குதிரைமேல் பூசவே கூடாது. மாடும் நாயும் தாங்கிக்கொள்ளும் இம்மருந்து, குதிரையின் தோல் வழியே உடலுக்குள் சென்று பெருங்குடலின் அசைவை முடக்கிவிடுகிறது. தீனி குடலில் இறுகி அடைத்துக்கொள்ளும். குதிரையால் வாந்தி எடுக்கவும் முடியாது. பூசிய ஓரிரு நாளில் குதிரை சோர்ந்து தலையைத் தொங்கவிடும், தீனி எடுக்காது, இலத்தி போடாது, வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்க்கும், படுத்துப் புரளும். இது உயிருக்கு ஆபத்தான நிலை. தோலில் ஒரு தடிப்புகூட இல்லாமலே இது நேரலாம் என்பதால், முந்தின நாள் பூசிய மருந்தையும் இன்றைய வயிற்றுவலியையும் தொடர்புபடுத்திப் பார்க்க யாருக்கும் தோன்றுவதில்லை. மருத்துவரிடம் இதைச் சொல்ல மறந்தால் அவரும் காரணத்தை வேறிடத்தில் தேட நேரும்.

புட்டியின் முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் இருப்பது வணிகப் பெயர். மருந்தின் பெயர் சிறிய எழுத்தில் பின்பக்கம் இருக்கும். அதைத்தான் படிக்கவேண்டும். எந்தெந்த விலங்குக்கு என்ற வரியில் குதிரை இல்லையென்றால், கால்நடை மருத்துவர் சொன்னாலன்றி அது குதிரைக்கு இல்லை என்றே கொள்ளவேண்டும்.

பயிருக்கு அடிக்கும் சைபர்மெத்ரின் போன்ற பூச்சிமருந்துகளும் இவ்வாறே. விலங்குக்கான மருந்திலும் அதே வேதிப்பொருள்தானே இருக்கிறது என்று வாதிடுவோர் உண்டு. வேதிப்பொருள் ஒன்றாயிருக்கலாம், அதைக் கரைத்து வைத்திருக்கும் கரைப்பான் வேறு. பயிர் மருந்துகளில் சேரும் எண்ணெய்வகைக் கரைப்பான்கள் தோலைப் பொசுக்கக்கூடியவை. மென்தோல் குதிரைக்கு மருந்தைவிடக் கரைப்பானே பகையாவது அடிக்கடி நடப்பதுதான்.

எந்த மருந்து, எவ்வளவு

குதிரைக்கான ஈ விரட்டிகளில் பெரும்பாலானவை பைரெத்ரின் அல்லது அதைப் பின்பற்றிச் செயற்கையாக ஆக்கப்பட்ட பெர்மெத்ரின், சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் ஆகியவற்றைக் கொண்டவை. பைரெத்ரின், சாமந்திக்கு உறவான ஒரு வெண்ணிறப் பூவிலிருந்து எடுக்கப்படுவது. வெயில் பட்டால் விரைவில் சிதைந்துவிடும். ஆகவே அடிக்கடி பூசவேண்டும். செயற்கை வகைகள் வெயிலைத் தாங்கி நீண்ட நேரம் நிற்கும். நீண்ட நேரம் நிற்பது ஈக்கு எதிராக நன்மை, ஒவ்வாத தோலுக்குத் தீமை. மனிதர்கள் பூசும் டீட் கலந்த கொசு விரட்டியைக் குதிரைக்குப் பூசுவதையும் தவிர்க்கவேண்டும். அதன் செறிவு மிகுந்தால் குதிரையின் தோலில் எண்ணெய்க் கசிவும் எரிச்சலும் உண்டாகும்.

மென்தோல் குதிரைக்கு வாங்கும்போது மூன்று செய்திகளைப் பார்க்கலாம். நீரில் கரைந்த வகையா, எண்ணெயிலோ ஆல்கஹாலிலோ கரைந்ததா என்பது முதலாவது; நீர்வகையே ஏற்றது. நறுமணம் சேர்த்திருக்கிறதா என்பது இரண்டாவது. மணம் குறைந்தது நல்லது. நேரடியாகப் பூசுவதா, நீர் கலந்து பூசுவதா என்பது மூன்றாவது.

நீர் கலக்கும் வகையில்தான் தவறு மிகுதி. "ஒரு வாளிக்கு ஒரு மூடி" என்ற வாய்க்கணக்கு பல இடங்களில் வழங்குகிறது. வாளி எவ்வளவு கொள்ளும், மூடி எவ்வளவு கொள்ளும் என்று யாரும் அளப்பதில்லை. அதைவிடப் பெரிய பிழை, எல்லா மருந்துக்கும் ஒரே கணக்கைப் போடுவது. 1.25 சதவீத மருந்தில் ஒரு மில்லிலிட்டருக்கு 12.5 மில்லிகிராம் வேதிப்பொருள் இருக்கும். அதில் 2 மில்லிலிட்டரை ஒரு லிட்டர் நீரில் கலந்தால், அந்நீரில் 25 மில்லிகிராம் இருக்கும். 10 சதவீத மருந்தில் அதே 2 மில்லிலிட்டரைக் கலந்தால் 200 மில்லிகிராம். அதாவது எட்டு மடங்கு. மருந்துகள் வெவ்வேறாக இருக்கலாம், அவற்றுக்குரிய அளவும் வெவ்வேறாக இருக்கலாம். ஆனால் மூடி அதை அறியாது. எனவே சீட்டில் உள்ள அளவை ஊசியில்லாத மருந்துக்குழலால் அளந்தே கலக்கவேண்டும். கலந்ததை அன்றே பயன்படுத்திவிடவேண்டும்.

இயற்கைப் பொருள் என்றால் தீங்கில்லை என்ற எண்ணம் பரவலாக உள்ளது. வேப்பெண்ணெய், எலுமிச்சைப்புல் வகை எண்ணெய்கள், யூகலிப்டஸ் தைலம் ஆகியவற்றுக்கு ஈயை விலக்கும் தன்மை ஓரளவு உண்டு என்பது உண்மை. ஆனால் நேராகப் பூசினால் இவை ஒவ்வாத தோலைக் கொப்புளிக்க வைக்கும். ஒவ்வாமை ஏற்படுத்துவதில் தைலங்களுக்குச் செயற்கை மருந்துகளைவிடக் குறைந்த பங்கு இல்லை. மண்ணெண்ணெய், டீசல், தரை கழுவும் பினாயில் ஆகியவற்றைத் துணியில் நனைத்துத் துடைக்கும் வழக்கத்தை முற்றிலும் கைவிடவேண்டும். லாயத்தில் வேப்பிலைப் புகை போடுவோர், குதிரையை வெளியே கட்டிவிட்டுப் போடலாம். மூடிய லாயத்தில் புகை அதன் மூச்சுக்குழலை உறுத்தும்.

பூண்டு கொடுத்தால் வியர்வை மணம் மாறி ஈ அண்டாது என்று தீனியில் பூண்டு சேர்ப்போரும் இருக்கிறார்கள். கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், உலர்ந்த பூண்டை மிகுதியாகத் தொடர்ந்து தின்ற குதிரைகளுக்கு இரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்து சோகை ஏற்பட்டது. மனிதர் உணவில் நன்மை செய்வது குதிரைத் தீனியிலும் நன்மை செய்யும் என்று கொள்வதற்கில்லை.

சோதித்துப் பூசுதல்

புதிய மருந்து எதுவானாலும் முதலில் உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் பூசிப் பார்க்கவேண்டும். கழுத்தின் பக்கவாட்டோ தோள்பட்டையோ ஏற்ற இடம். சேணமோ வாரோ படும் இடம் கூடாது. அழுத்தத்தாலும் வியர்வையாலும் வரும் சிவப்பை மருந்தின் சிவப்பு என்று எண்ண நேரும். ஒரு மணி நேரம் கழித்தும், 24 மணி நேரம் கழித்தும், 48 மணி நேரம் கழித்தும் அவ்விடத்தை மயிரை விலக்கிப் பார்க்கவேண்டும். மூன்று முறை பார்ப்பதற்குக் காரணம் உண்டு. காணாக்கடி போன்ற தடிப்பு சில நிமிடங்களிலோ மணிகளிலோ எழும். மருந்தின் காரத்தால் வரும் எரிச்சல் அன்றைக்கே தெரியும். ஆனால் உண்மையான தொடு ஒவ்வாமை ஓரிரண்டு நாள் கழித்தே வெளிப்படும். அதுவும், உடல் அப்பொருளை முன்பே ஒருமுறை சந்தித்துப் பழகிய பிறகுதான் வரும். "போன வருடமும் இதைத்தான் பூசினோம், ஒன்றும் ஆகவில்லை" என்பது இதனால்தான் போதிய சான்று ஆகாது.

ஒரே நாளில் புதிய சோப்பு, புதிய தைலம், புதிய ஈ விரட்டி என்று மூன்றையும் தொடங்கினால், தடித்தது எதனால் என்று பிறகு யாராலும் சொல்ல இயலாது. ஒரு குறிப்பேட்டில் தேதி, மருந்தின் பெயர், சதவீதம், பூசிய இடம் ஆகியவற்றை எழுதிவைப்பது நல்ல பழக்கம். இரண்டு வரி போதும்.

சோதனையில் தோல் தெளிவாக இருந்தால் முழு உடலுக்கும் பூசலாம். முதலில் குதிரையைத் தேய்த்துத் தூசியும் பொருக்கும் போக்கி, வியர்வை இருந்தால் நீரால் கழுவி உலரவிடவேண்டும். ஈரத்தோலில் மருந்து வழிந்து, தொடையிடுக்கு, அக்குள் போன்ற மெல்லிய இடங்களில் தேங்கும். பூசும் நேரம் உச்சி வெயிலாக இருக்கக்கூடாது. தெளிப்பான் ஓசைக்கு மிரளும் குதிரைக்குத் துணியில் நனைத்துத் துடைப்பதே நன்று. மென்தோல் குதிரைக்கு எப்போதுமே துணிதான் சிறந்தது எனலாம். எவ்வளவு மருந்து எங்கே படுகிறது என்பது கைக்குத் தெரியும். முகத்தில் தெளிக்கவே கூடாது. கண், நாசி, வாய் ஆகியவற்றைத் தவிர்த்து, பிழிந்த துணியால் நெற்றியையும் தாடையையும் மெல்லத் துடைக்கலாம். திறந்த புண், ஆசனவாய், மடி, சேணம் படும் முதுகு ஆகியவை விலக்கவேண்டிய இடங்கள். புண்ணில் ஈ மொய்த்தால், அதற்குரிய களிம்பை மருத்துவரிடம் கேட்டுப் பெறவேண்டும். சில ஈக்கள் புண்ணில் விட்டுச்செல்லும் புழுக்களால் ஆறாத கோடைப்புண் உண்டாகும்.

பூசுபவர் கையுறை அணிவதும், பிறகு கையைக் கழுவுவதும் அவரது தோலுக்காகவே. பூசிய குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொள்ளும் சிறுவர்களைச் சற்று விலக்கிவைக்கவேண்டும்.

தோல் தடித்துவிட்டால்

பூசிய சிறிது நேரத்தில் குதிரை நிலைகொள்ளாமல் உடலைக் குலுக்கினாலும், காலை உதைத்தாலும், பூசிய இடத்தைக் கடிக்க முயன்றாலும் தோல் சுறுசுறுவென எரிகிறது என்று பொருள். உடனே மென்மையான சோப்பும் மிகுதியான குளிர்ந்த நீரும் கொண்டு கழுவவேண்டும். வெந்நீர் கூடாது. தேய்க்கும் தூரிகையும் வேண்டாம். கழுவிய பின் நிழலில் கட்டவேண்டும். எரிச்சலைத் தணிக்க மஞ்சள், தைலம் என்று மேலும் எதையாவது பூசுவது நிலைமையைக் குழப்பும். முகமோ கண்ணிமையோ வீங்கினாலும், மூச்சு வாங்கினாலும், நடை தள்ளாடினாலும், இலத்தி நின்றாலும் தாமதமின்றி மருத்துவரை அழைக்கவேண்டும். மருந்துப் புட்டியைக் கழுவி எறியாமல் அவரிடம் காட்டவேண்டும்.

தமிழ்நாட்டில் 1962 என்ற எண்ணில் கால்நடை அவசர ஊர்தி சேவை கிடைக்கிறது. திருச்சி கே.கே. நகரையொட்டிய கொட்டப்பட்டில், தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் பயிற்சி ஆராய்ச்சி மையம் உள்ளது. தஞ்சை மாவட்டம் ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இயங்குகிறது.

மருந்தில்லாமல் குறைப்பவை

மருந்தே ஒவ்வாத குதிரைகளும் உண்டு. அவற்றுக்கு ஈயைப் பிறக்கவிடாமல் செய்வதே வழி. நம் ஊர்ச் சூட்டில் வீட்டு ஈ முட்டையிலிருந்து முழு ஈயாக ஏறத்தாழ 8 முதல் 10 நாள் போதும். இலத்தியை நாள்தோறும் அள்ளி லாயத்திலிருந்து தள்ளிக் குவித்து மூடிவைத்தால், உள்ளே எழும் வெப்பத்தில் புழுக்கள் மடியும். சிறுநீரில் ஊறிய வைக்கோல்தான் தொழுவ ஈயின் பிறப்பிடம். தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிலும் சேறு கட்டாமல் மண் கொட்டவேண்டும்.

கியூலிகாய்டஸ் பூச்சிகள் விடியலிலும் அந்திப்பொழுதிலும் மிகுதியாகக் கடிக்கும். அந்த நேரங்களில் குதிரையை உள்ளே கட்டுவது பல மருந்துகளைவிடப் பயன் தரும். இவை காற்றை எதிர்த்துப் பறக்கும் வலுவில்லாதவை. லாயத்தில் ஒரு மின்விசிறியைக் குதிரைக்கும் கம்பிக்கும் எட்டாத உயரத்தில் ஓடவிட்டால் கடி கணிசமாகக் குறையும். சாதாரண கொசுவலையின் கண்களுக்குள் இவை நுழைந்துவிடும் என்பதால் மேலும் நெருக்கமான வலை தேவை. முகத்துக்கு வலை முகமூடியும், உடலுக்கு மெல்லிய வெளிர்நிறப் போர்வையும் கிடைக்கின்றன. நெற்றிப் பட்டையில் தொங்கும் நூல்சரம் வண்டிக் குதிரைக்கு அழகுக்காகக் கட்டுவதாகத் தோன்றினாலும், தலையை ஆட்டும்போதெல்லாம் கண்ணருகே ஈயை விரட்டும் கருவி அது. முகமூடியை நாள்தோறும் கழற்றி உள்ளே தூசியோ உராய்வோ இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். அழுக்குப் படிந்த முகமூடி கண்ணுக்கே கேடு.

கழுவிய நீரும் மீதமுள்ள மருந்தும்

பெர்மெத்ரின் வகை மருந்துகள் பூனைகளுக்குக் கொடிய நஞ்சு. குதிரைக்கு இட்ட மருந்து உலராத நிலையில் லாயத்துப் பூனை அதன்மேல் உரசினாலும் கெடுதல் நேரலாம். மீன்களுக்கும் இவை மிகச் சிறிய அளவிலேயே நஞ்சாகும். மருந்து கலந்த வாளியையும் துணியையும் வாய்க்காலிலோ குளத்திலோ அலசக்கூடாது. குதிரையைக் குளிப்பாட்ட ஆற்றுக்கு ஓட்டிச் செல்பவர்கள் மருந்து பூசிய நாளில் அதைத் தவிர்த்து, மண்தரையில் நிறுத்தி வாளி நீரால் கழுவவேண்டும். காலியான புட்டியில் தண்ணீரோ எண்ணெயோ பிடித்துவைக்கக்கூடாது. துளையிட்ட பின்னரே குப்பையில் சேர்க்கவேண்டும்.